சப்பாத்திக்கள்ளியின் பூர்வோத்தரம்

சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிய சரித்திரக் கதை ஒன்றில், சோழ நாட்டு ஒற்றன் ஒருவனைப் பகைவர்கள் துரத்தி வந்தார்கள். ஓடிக் களைத்தவனை எங்கே ஒளித்து வைப்பது என்று எனக்குப் பெரிய யோசனையாகிவிட்டது. கோவில், பாழ்மண்டபம், சுரங்கம் எல்லாம் மற்ற ஆசிரியர்கள் உபயோகித்துத் தேய்ந்துபோன இடங்கள். ஆகவே ஒரு சப்பாத்திக்கள்ளிப் புதருக்குள் அவனைப் புகுத்தி, முள் குத்தியும் முனகாத அவனுடைய தீரத்தை அரைப் பக்கம் வர்ணித்தேன். அத்தியாயம் வெளியான ஐந்தாம் நாள் ஒரு தபால் கார்டு வந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். "தங்கள் ஒற்றனின் வீரம் மெச்சத் தக்கது. ஆனால் அவன் ஒளிந்துகொண்ட புதர் அப்போது அமெரிக்காவில் இருந்தது. இங்கே வர இன்னும் ஐந்நூறு வருஷமாவது ஆகும்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. சப்பாத்திக்கள்ளியா அயல்நாட்டுச் சரக்கு? எங்கள் ஊர் வாய்க்கால் மேட்டில் அதன் பழத்தைத் தின்றுதான் நாங்கள் வளர்ந்தோம். கவட்டைக் கம்பால் பழத்தைத் திருகிப் பறிக்க வேண்டும். மண்ணில் போட்டுக் காலால் உருட்டி உருட்டிப் பூனைமயிர் போன்ற சுணைமுள்ளைப் போக்க வேண்டும். பிறகு கீறி, நடுவில் இருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்து எறிய வேண்டும். அது தொண்டையில் சிக்கினால் ஆள் பிழைக்கமாட்டான் என்பது எங்களுக்குள் வழங்கிய சாஸ்திரம். இவ்வளவும் செய்து தின்ற பிறகு, வீட்டில் "எங்கேடா போயிருந்தே?" என்று கேட்டால் பதில் சொல்லவே வேண்டியதில்லை. வாயும் உதடும் சட்டையும் செக்கச் செவேலென்று சாட்சி சொல்லும். இப்படி ஊரோடு ஒட்டிய செடியை அந்நியன் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஆனால் தேடிப் பார்க்கப் பார்க்க, கார்டு எழுதியவர் பக்கமே நியாயம் இருந்தது.

சங்கப் புலவர்கள் பாலை நிலத்தைப் பாடும்போது கள்ளியைச் சொல்கிறார்கள் என்பது உண்மையே. அந்தக் கள்ளி வேறு, இது வேறு. அது சதுரக்கள்ளி, திருகுகள்ளி ஜாதி. ஒடித்தால் பால் வடியும். நம் பெண்மக்களின் கண்ணீர்க் கதைகளில் வரும் கள்ளிப்பால் அதுதான். சப்பாத்திக்கள்ளியை எத்தனை துண்டாக வெட்டினாலும் ஒரு சொட்டுப் பால் வராது. கொழகொழவென்று சோற்றுக் கற்றாழை மாதிரி சாறுதான் வரும். இரண்டுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. ஒரே வறட்சியை இரண்டு கண்டங்களில் இரண்டு குடும்பங்கள் அனுபவித்து, ஒரே விதமான உடம்பை வளர்த்துக்கொண்டிருக்கின்றன. இலையைக் குறைத்து, தண்டைத் தடிக்க வைத்து, மேலெல்லாம் முள் போர்த்துக்கொண்டால் வெயிலில் பிழைக்கலாம் என்பதை இரண்டும் தனித்தனியே கண்டுபிடித்தன. தாவர சாஸ்திரிகள் நம்முடைய திருகுகள்ளிக்கு அந்தப் பெயரையே லத்தீனிலும் வைத்திருக்கிறார்கள். மலையாள நாட்டில் டச்சுக்காரர்கள் எழுதிவைத்ததைப் பார்த்து லின்னேயஸ் 1753-ல் ஏற்றுக்கொண்டது அது. சப்பாத்திக்கள்ளியோ காக்டஸ் குலம். அந்தக் குலம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் மரத்தில் தொங்கி வளரும் ஒரே ஒரு மெல்லிய இனம் மட்டும் இதற்கு விலக்கு.

கல்லூரியில் நான் இரண்டு வருஷம் தாவர சாஸ்திரம் வாசித்தபோது, சப்பாத்தி மாதிரித் தட்டையாக இருப்பது இலை அல்ல, தண்டு என்று சொன்ன ஆசிரியரை வகுப்பே நம்பவில்லை. அவர் ஒரு இளம் தட்டைக் கொண்டுவந்து காட்டினார். அதன்மேல் நெல்மணி அளவில் கூர்கூராகச் சில பச்சை முளைகள் இருந்தன. அவைதாம் இலை. சில நாட்களில் உதிர்ந்துவிடும். முள்ளும் ஒரு விதத்தில் இலையே, உருமாறிய இலை. முள் முளைக்கும் இடத்தில் சிறு மெத்தை போன்ற புள்ளி இருக்கும். அதிலிருந்துதான் பெரிய முள், கண்ணுக்குத் தெரியாத சுணைமுள், புதுத் தட்டு, பூ எல்லாமே கிளம்ப வேண்டும். பெரிய முள் குத்தினால் பிடுங்கிவிடலாம். சுணைமுள்ளுக்குத் தூண்டில் மாதிரிக் கொக்கிகள் உண்டு. விரலில் ஏறிவிட்டால் இரண்டு நாள் தூக்கம் போச்சு.

பூவைப் பற்றி நம் கவிகள் யாரும் அதிகமாகப் பாடவில்லையே என்று எனக்குக் குறை. எலுமிச்சை மஞ்சளில், பட்டுப்போன்ற இதழ்களோடு, காலையில் விரியும். வாடும்போது ஆரஞ்சு நிறம் பாய்ந்துவிடும். நடுவே நூற்றுக்கணக்கான மகரந்தக் கேசரங்கள். ஒரு ஈர்க்குச்சியால் அவற்றைத் தொட்டுப் பாருங்கள். மெதுவாக உள்பக்கமாக வளைந்து சூலகத்தண்டைச் சுற்றிக்கொள்ளும். தேனீ புகுந்து புரளும்போது நடப்பதும் இதுவே. பூவின் கீழ்ப்பாகம் தண்டுக்குள்ளேயே புதைந்திருப்பதால், பழம் என்று நாம் தின்பது பாதி பழம், பாதி தண்டு. அதைப் பறித்து மண்ணில் போட்டால் விதை முளைப்பதோடு, பழமே வேர் விட்டுச் செடியாவதும் உண்டு.

எல்லாவற்றையும்விட விசித்திரம் அது மூச்சு விடும் விதம். மற்றச் செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றை வாங்கும்; பாலைவனத்தில் அப்படித் திறந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகிவிடும். ஆகவே காக்டஸ் ராத்திரியில்தான் வாசலைத் திறக்கும். அப்போது வாங்கிய கரியமில வாயுவைப் புளிப்புத் திராவகமாக மாற்றிச் சேர்த்து வைத்துக்கொண்டு, பொழுது விடிந்ததும் வாசலை அடைத்துவிட்டு உள்ளே சமையல் செய்யும். தரங்கம்பாடிக்குப் பாதிரியாக வந்து, பிறகு கும்பினியின் தாவர நிபுணராக ஆன பெஞ்சமின் ஹைனே என்ற ஜெர்மானியர், இலையொன்றை விடியற்காலையில் மென்றால் புளிக்கிறது, மத்தியானத்தில் சப்பென்றிருக்கிறது என்று கவனித்து லண்டனுக்குக் கடிதம் எழுதினார். அது 1815-ல் அச்சாயிற்று. அவர் மென்றது சப்பாத்திக்கள்ளி அல்ல, நம் வீடுகளில் வளரும் ரணகள்ளி. இரண்டும் செய்வது ஒரே காரியம். ஒரு மனிதர் நம் நாட்டில் உட்கார்ந்து காலையிலும் பகலிலும் இலையை மென்று பார்த்தது, இன்று தாவர சாஸ்திரத்தின் பெரிய அத்தியாயமாகிவிட்டது.

சரி, இந்த அமெரிக்கப் பிரஜை இங்கே எப்படி வந்தது? அதற்கு மெக்ஸிகோவுக்குப் போக வேண்டும்.

மெக்ஸிகோக்காரர்கள் சப்பாத்திக்கள்ளியை நோபால் என்பார்கள். கள்ளியின்மேல் கழுகு உட்கார்ந்த இடத்தில்தான் அவர்களுடைய பழைய தலைநகரத்தைக் கட்டினார்கள் என்பது ஐதீகம். இன்றும் அந்த நாட்டுக் கொடியில் கழுகும் கள்ளியும் இருக்கின்றன. இளந்தட்டைக் கறி சமைப்பார்கள், பழத்தைத் தின்பார்கள். ஆனால் ஸ்பானியர்களின் கண் விழுந்தது செடியின்மேல் அல்ல, அதில் ஒட்டியிருந்த பூச்சியின்மேல். வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போல் தட்டுகளில் அப்பிக்கிடக்கும் கொச்சினீல் பூச்சியை நசுக்கினால் ரத்தச் சிவப்பு. அஸ்டெக் மக்களின் பாஷையில் அதன் பெயருக்கே கள்ளிப்பழ ரத்தம் என்று அர்த்தம். பெண் பூச்சிக்குச் சிறகு கிடையாது. ஒரு தடவை மூக்கைத் தட்டில் ஊன்றிவிட்டால் சாகிறவரையில் அங்கேயே வாசம். அவற்றைத் துலக்கி எடுத்து உலர்த்துவார்கள். ஒரு பவுண்டு சாயச் சரக்குக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும்.

ஐரோப்பாவில் அப்போது இவ்வளவு ஆழ்ந்த சிவப்பு வேறெதிலும் கிடைக்கவில்லை. கார்டினல்களின் அங்கி, ராஜாக்களின் திரைச்சீலை, பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் சிவப்புக் கோட்டு எல்லாவற்றுக்கும் கொச்சினீல். அமெரிக்காவிலிருந்து ஸ்பெயினுக்குப் போன சரக்குகளில் வெள்ளிக்கு அடுத்தபடி மதிப்புள்ளவற்றில் ஒன்றாக அது இருந்தது. ரகசியத்தை ஸ்பானியர்கள் இருநூறு வருஷத்துக்குமேல் கட்டிக் காத்தார்கள். உலர்ந்த பூச்சியைப் பார்த்தவர்கள் அது விதையா, பழமா, புழுவா என்று சண்டை போட்டார்கள். லேவன்ஹுக் தம் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பூச்சிதான் என்று சொன்ன பிறகும் எல்லாரும் நம்பவில்லை. ஹாலந்தில் ஒரு பந்தயமே நடந்து, ஒஹாக்காவின் விவசாயிகளிடம் சத்தியவாக்குமூலம் வாங்கி வரச் செய்து, அந்தப் பத்திரங்கள் 1729-ல் ஆம்ஸ்டர்டாமில் புத்தகமாகவே வெளிவந்தன.

பிரெஞ்சுக்காரரான தியெரி த மெனோன்வில் 1777-ல் செய்த காரியம் எந்தத் துப்பறியும் நாவலுக்கும் குறைந்ததல்ல. மூலிகை தேடும் வைத்தியனாக வேஷம் போட்டு வெராக்ரூஸ் துறைமுகத்தில் இறங்கினார். உள்நாட்டுக்குப் போகக் கூடாது என்று அதிகாரிகள் தடுத்தும், ரகசியமாகப் புறப்பட்டு ஒஹாக்காவை அடைந்து, பூச்சியோடு கள்ளித் தட்டுகளை விலைக்கு வாங்கி, பெட்டிகளில் மறைத்துப் பிரெஞ்சுத் தீவான சான் டொமிங்குக்குக் கடத்திக்கொண்டு போனார். 1780-ல் அவர் இறந்தார். கவனிப்பில்லாமல் உயர்ந்த ரகப் பூச்சி அழிந்துபோயிற்று. அவர் எழுதிவைத்த புத்தகம் மட்டும் 1787-ல் அச்சாயிற்று.

அதே சமயத்தில் நம் சென்னையில் ஒருவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. கும்பினியின் தலைமை வைத்தியரான ஜேம்ஸ் ஆண்டர்ஸன் துரை. நுங்கம்பாக்கத்தில் பெரிய தோட்டம் போட்டு மல்பெரி, பட்டுப்புழு என்று சதா ஏதாவது பரீட்சை செய்துகொண்டிருந்தவர். 1786-ல் சென்னைப் பக்கத்துப் புல் ஒன்றின்மேல் ஒரு சிவப்புப் பூச்சியைக் கண்டு, கொச்சினீல் அகப்பட்டுவிட்டது என்று சீமையிலிருந்த ஸர் ஜோஸப் பாங்க்ஸுக்குக் கடிதத்தின்மேல் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதங்களைத் தாமே அச்சிட்டும் வெளியிட்டார். சாயக்காரர்கள் பரீட்சித்துப் பார்த்ததில் அது ஒன்றுக்கும் உதவவில்லை. துரை சளைக்கவில்லை. உண்மையான பூச்சி வருகிற அன்றைக்கு அதற்குச் சாப்பாடு தயாராக இருக்க வேண்டுமே! லண்டன் கியூ தோட்டத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் நோபால் கள்ளிகளைத் தருவித்துச் சைதாப்பேட்டையில் கும்பினிச் செலவில் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். அவருடைய உறவினரான டாக்டர் ஆண்ட்ரூ பெர்ரி அதற்கு மேற்பார்வை. பூச்சி வராத வருஷங்களில் கள்ளி வீணாகிவிடக் கூடாதென்று, கப்பல்காரர்களுக்கு ஸ்கர்வி நோய் வராமல் தடுக்க இதைக் கறியாகச் சமைத்துக் கொடுக்கலாம் என்றும் சிபாரிசு செய்தார்.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. சோழமண்டலக் கரையில் நம் சாயக்காரர்கள் சாயவேரைக் கொண்டு ஏற்றிய சிவப்புக்காகத்தான் ஐரோப்பியர்கள் முன்னர் இந்தப் பக்கம் கப்பல் விட்டார்கள். அந்தச் சாயவேர் மணலில் முளைத்துக் கிடக்க, துரை கடலைப் பார்த்துக்கொண்டு பூச்சிக்காகக் காத்திருந்தார்.

பூச்சி 1795-ல் வந்தது. கேப்டன் நீல்ஸன் என்ற ராணுவ அதிகாரி, பிரேஸிலில் ரியோ துறைமுகத்தில் கப்பல் தங்கியபோது, கள்ளித் தட்டுகளோடு பூச்சியை எடுத்துக்கொண்டு கல்கத்தா வந்து சேர்ந்தார். அங்கிருந்து சென்னைக்கும் வந்தது. கும்பினியார் கொண்டாடினார்கள். ஆனால் வந்தது ஒஹாக்காவின் வளர்ப்புப் பூச்சி அல்ல. அதன் காட்டு உறவு. பஞ்சு அதிகம், சாயம் குறைவு. போதாக்குறைக்கு, அரும்பாடுபட்டு வளர்த்த நோபாலை அது லட்சியம் செய்யவில்லை. யாரோ ஐரோப்பிய மாலுமிகள் முன்பே கொண்டுவந்து விட்டு, நாட்டில் காடாகப் பரவியிருந்த ஒற்றைமுள் கள்ளியைத்தான் ஆசையோடு தின்றது. தின்றது என்றால், செடி பட்டுப்போகும்வரை உறிஞ்சியது. சாயம் எடுக்க நினைத்தவர்களுக்குச் சாயமும் லாபமாகவில்லை, கள்ளியும் மிஞ்சவில்லை. சைதாப்பேட்டைத் தோட்டம் 1800-ல் மூடப்பட்டது. 1809-ல் ஆண்டர்ஸன் காலமானார். சென்னை ஸெயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் அவருடைய சலவைக்கல் சிலையை இன்றும் பார்க்கலாம்.

இந்தத் தோல்வியிலிருந்துதான் வேறொரு வித்தை பிறந்தது. பூச்சி போன இடமெல்லாம் கள்ளி ஒழிவதை ஜனங்கள் கண்டார்கள். 1836-ஐ ஒட்டித் தென்னாட்டில் கள்ளியை ஒழிப்பதற்கென்றே அதைக் கொண்டுவந்து விட்டார்கள். 1860-களில் அது இலங்கைக்கும் போயிற்று. களையை அழிக்க ஒரு பூச்சியை வேண்டுமென்றே ஏவி வெற்றி கண்டதில் உலகத்திலேயே முதல் முயற்சி இது என்று நிபுணர்கள் எழுதுகிறார்கள். இலங்கையில் பிடித்ததை வைத்துப் பிற்பாடு அதற்குச் 'சிலோன் பூச்சி' என்று லத்தீனில் பெயரும் வைத்துவிட்டார்கள். பிரேஸிலில் பிறந்து ஆண்டர்ஸன் தோட்டத்துக்கென்று கப்பலேறியது, சிலோன்காரனாகிவிட்டது.

ஒற்றைமுள் கள்ளி போன இடத்தை இன்னொரு கள்ளி பிடித்துக்கொண்டது. நாம் இன்று சப்பாத்தி என்றும் நாகதாளி என்றும் சொல்லும் மஞ்சள் பூக் கள்ளி இதுதான். கரீபியன் கடலோரம் இதன் தாயகம். சிலோன் பூச்சி இதன் பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை. தோட்டத்துக்கு வேலி என்று நட்டார்கள். வேலி தோட்டத்தையே விழுங்கிற்று. ஒடிந்து விழுந்த ஒவ்வொரு தட்டும் வேர் விடும். பழம் தின்ற பறவை விதையைத் தூவும். வெட்டிக் குவித்தால் குவியலே காடாகும். பாம்பும் எலியும் பன்றியும் அதற்குள் குடியிருந்தன. பஞ்ச காலங்களில் முள்ளைத் தீயில் பொசுக்கி மாட்டுக்குப் போட்டார்கள் என்பது ஒன்றே அதற்குச் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை.

என் பாட்டி சொல்லுவாள். அவளுடைய அப்பாவுக்கு இருந்த ஐந்து ஏக்கர் மானாவாரியில் மூன்றரை ஏக்கர் கள்ளி. தீர்வை மட்டும் ஐந்துக்கும் கட்ட வேண்டும். ஒவ்வொரு வருஷமும் கோடையில் ஆள் வைத்து வெட்டுவார். கூலி கொடுக்கக் கம்மல் அடகுக்குப் போகும். அடுத்த மழையில் வெட்டின இடத்தில் இரண்டு பங்கு நிற்கும். "எங்கப்பா கை உள்ளங்கையிலே முள்ளில்லாத நாளே கிடையாது. ராத்திரி விளக்கு வெச்சுண்டு அம்மா ஊசியாலே எடுப்பா" என்பாள் பாட்டி. பக்கத்து நிலத்துக்காரர் வெட்டவே முடியாதென்று விட்டுவிட்டுப் பினாங்குக்குக் கப்பலேறினவர், திரும்பவே இல்லையாம்.

வட அமெரிக்காவிலிருந்து மற்றொரு கொச்சினீல் பூச்சியை ஆஸ்திரேலியர்கள் தங்கள் கள்ளிமேல் ஏவியிருந்தார்கள். அவர்களிடமிருந்து இலங்கை 1924-ல் வாங்கிற்று. இலங்கையிலிருந்து 1926-ல் தென்னிந்தியாவுக்கு வந்தது. பூச்சி பிடித்த தட்டுகளை ஊர் ஊராகக் கொடுத்து, கள்ளிப் புதர்மேல் போட்டுவிடும்படி சொன்னார்கள். பாட்டிக்கு அப்போது எட்டு வயசு. "பூச்சி பிடிச்ச கள்ளியைக் காசு கொடுத்தாவது வாங்கிண்டு வரணும்னு அப்பா ஏழு மைல் நடந்தார். காசு கேக்கலே, சும்மாவே கொடுத்தா. அவருக்கு நம்பிக்கையே இல்லே" என்பாள். இரண்டு தட்டைக் கவட்டைக் கம்பில் மாட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்தாராம். ஒரு வருஷத்தில் புதரெல்லாம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்தது. பிறகு கறுத்தது. பிறகு அப்படியே அழுகிச் சரிந்தது. ஊர் முழுக்க நாற்றம். புதரிலிருந்த பாம்பெல்லாம் வெளியே கிளம்பி வீட்டு வாசலுக்கு வந்ததில் நாலைந்து மாதம் குழந்தைகளை இருட்டின பிறகு வெளியில் விடவில்லை. ஆறு வருஷத்துக்குள் தென்னிந்தியாவில் சுமார் ஒரு லட்சம் ஏக்கர் நிலம் கள்ளியிலிருந்து மீண்டது என்று கணக்குச் சொல்கிறார்கள். அதில் மூன்றரை ஏக்கர் எங்கள் கொள்ளுத் தாத்தாவுடையது. முதல் போகம் கம்பு விதைத்தார். அழுகின கள்ளியே எருவாகிக் கதிர் முழ நீளம் வந்தது என்று பாட்டி கையால் அளந்து காட்டுவாள். எனக்கு அவள் முழத்தில் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

ஆனால் அவள் இன்னொன்றும் சொல்வாள். வேலி போனதும் ஆடுகள் உள்ளே புகுந்தன. கோடையில் பழம் விற்று வயிறு கழுவிய ஒரு கிழவி, ஊரைத் திட்டிக்கொண்டே எங்கோ போய்விட்டாள்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் பெரிய கதை. 1788-ல் முதல் கைதிக் கப்பல்களோடு ஆர்தர் பிலிப் ரியோவில் கள்ளியையும் பூச்சியையும் ஏற்றிக்கொண்டு போனார். அங்கேயும் குறி சிவப்புக் கோட்டுத்தான். பிற்பாடு வேறொரு கள்ளி ஆறு கோடி ஏக்கரைக் கவ்விக்கொண்டது. 1912-ல் அங்கிருந்து ஒரு கமிஷன் உலகம் சுற்றக் கிளம்பி, நம் நாட்டுக்கும் இலங்கைக்கும் வந்து கற்றுக்கொண்டு, சிலோன் பூச்சியை வாங்கிப் போயிற்று. பெரிய கள்ளியை முறியடித்தது அர்ஜென்டீனாவிலிருந்து 1925-ல் கொண்டுபோன ஓர் அந்துப்பூச்சி. அதன் புழு தட்டைக் குடைந்து தின்னும். பூனார்கா என்ற ஊர் ஜனங்கள் 1936-ல் அந்தப் பூச்சியின் ஞாபகார்த்தமாக ஒரு மண்டபம் கட்டினார்கள். பூச்சிக்கு மண்டபம் கட்டின ஊர் வேறு உண்டோ என்னவோ, எனக்கு அந்த ஜனங்களைப் பிடித்திருக்கிறது.

சாயத்தின் கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 1856-ல் பெர்க்கின் என்ற பையன் லண்டனில் தார் எண்ணெயிலிருந்து ஊதா நிறம் எடுத்தான். பின்னால் சிவப்பும் வந்தது. கொச்சினீல் விலை விழுந்தது. இன்றைக்கும் மிட்டாயிலும் உதட்டுச் சாயத்திலும் கார்மைன் என்ற பெயரில் அந்தப் பூச்சி கொஞ்சம் உலவுகிறது. பெரும்பாலும் பெரு தேசத்திலிருந்து வருகிறது.

எங்கள் வாய்க்கால் மேட்டில் நான் பழம் பறித்தவை, 1926-க்குத் தப்பிய வம்சம். பூச்சியும் அழியவில்லை, கள்ளியும் அழியவில்லை. கள்ளி குறைந்தால் பூச்சி குறையும், பூச்சி குறைந்தால் கள்ளி தலை எடுக்கும். போன கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு தட்டில் வெள்ளைப் பஞ்சைக் கண்டு விரலால் நசுக்கிப் பார்த்தேன். நகக்கண் இரண்டு நாள் சிவந்திருந்தது.

என் புத்தகம் இரண்டாம் பதிப்பு வந்தபோது, ஒற்றனைச் சப்பாத்தியிலிருந்து வெளியே இழுத்துச் சதுரக்கள்ளிப் புதருக்குள் மாற்றிவிட்டு, ஒரு பிரதியை அந்தப் பள்ளி ஆசிரியருக்கு அனுப்பினேன். பதிலுக்கு மறுபடியும் ஒரு கார்டு வந்தது.

"மிக்க மகிழ்ச்சி. பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பார்வை போய்விடும். ஒற்றனுக்குக் கண் முக்கியம்."